எதற்காகத் திறந்தேன்?

மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்த நாள், 2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. மதியத்துக்குள் தண்ணீர் வாசல்படியைத் தொட்டது. பிராட்பேண்ட் முதலில் போனது, சாயங்காலம் மொபைல் சிக்னலும் போனது. லேப்டாப்பில் மட்டும் 71 சதவீதம் சார்ஜ் இருந்தது.

நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளர். அந்த வாரம் சிறுநீரக நோயாளிகளுக்கான ஒரு கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். மூலக் கோப்பு லேப்டாப்பிலேயே இருந்தது. அதற்குத் தேவையான கலைச்சொல் பட்டியல்கள், மருத்துவ விளக்கங்கள், பதிப்பகம் அனுப்பியிருந்த நடைக் குறிப்பு எல்லாம் பிரௌசரில் டேப்களாகத் திறந்தே இருந்தன. நெட் இல்லாவிட்டால் என்ன, பக்கங்கள்தான் திறந்திருக்கின்றனவே என்ற தைரியத்தில் மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் டேப்பைக் கிளிக் செய்தேன். வட்டம் சுற்றியது. இணைய இணைப்பு இல்லை என்று வந்தது. அடுத்த டேப், அதுவும் அப்படியே. பதினைந்து இருபது டேப்களைத் தட்டிப் பார்த்ததில் இரண்டே இரண்டில்தான் பக்கம் இருந்தது. ஒன்றில் ஒரு சமையல் குறிப்பு. இன்னொன்றில் மெட்ரோ வாட்டர் லாரிக்குப் பதிவு செய்யும் பக்கம்.

காரணம் பிறகுதான் புரிந்தது. என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம். 300 டேப் திறந்து வைத்தால் அத்தனையையும் அது நினைவில் வைத்திருக்காது. கொஞ்ச நேரம் தொடாத டேப்களை பிரௌசர் தூங்க வைத்துவிடும். ஹைபர்னேட் என்பார்கள். தலைப்பும் முகவரியும் மட்டும் மிச்சமிருக்கும், உள்ளே இருந்த பக்கத்தை விட்டுவிடும். மறுபடி கிளிக் செய்தால் இணையத்திலிருந்து புதிதாகக் கொண்டுவர வேண்டும். லேப்டாப்பை அணைத்துப் போட்டு பழைய டேப்கள் திரும்ப வரும்போதும் இதே கதைதான், தொடும் வரை அவற்றில் பெரும்பாலானவை வெறும் பெயர்ப்பலகைகள். சாதாரண நாளில் இது நல்ல ஏற்பாடு, லேப்டாப் மூச்சு முட்டாமல் ஓடுவதே இதனால்தான். ஆனால் அன்றைக்கு என்னிடம் 300 முகவரிகள் இருந்தன, படிக்க ஒரு வரிகூட இல்லை.

கரண்ட் வியாழக்கிழமை வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை ஒரு நாள் முழுவதையும் இதற்கென்றே ஒதுக்கினேன். அன்றைக்குச் செய்ததையும், அதிலிருந்து இன்று வரை தங்கியிருக்கும் பழக்கங்களையும்தான் இங்கே எழுதுகிறேன். நிறைய டேப் வைத்துக்கொண்டு வேலை செய்கிற யாருக்காவது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் பிரௌசரைப் பற்றி. நான் பயன்படுத்துவது விவால்டி. ஓப்பரா பிரௌசரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஐஸ்லாந்துக்காரர் ஜான் வான் டெட்ஸ்னர் அங்கிருந்து வெளியே வந்த பிறகு உருவாக்கியது. 2015 ஜனவரியில் முன்னோட்டம் வந்தது, 2016 ஏப்ரலில் முதல் பதிப்பு. குரோமுக்கு அடியில் இருக்கும் அதே குரோமியம்தான் இதற்கும் அடித்தளம், ஆனால் மேலே இருப்பதையெல்லாம் நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எனக்கு அதில் பிடித்துப்போன முதல் விஷயம் ரொம்பச் சின்னது. டேப் வரிசையை மேலிருந்து எடுத்து இடப்பக்கம் வைக்கலாம்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நம் எழுத்துகள் அகலமானவை. மேலே வரிசையாக 40 டேப் இருந்தால் 'தமிழ் இணையக் கல்விக்கழகம்' என்ற தலைப்பில் 'த' மட்டும் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது, சின்னப் படம் மட்டும்தான். ஒரே தளத்தில் பத்துப் பக்கம் திறந்திருந்தால் பத்துக்கும் ஒரே படம். இடப்பக்கம் பட்டியலாக வைத்து, ஓரத்தைப் பிடித்து இழுத்துக் கொஞ்சம் அகலமாக்கினால் தலைப்பு முழுசாக வாசிக்கக் கிடைக்கும். இப்போதைய லேப்டாப் திரைகள் எல்லாம் அகலம் அதிகம், உயரம் குறைவு. பக்கவாட்டில் இடம் போனால் நஷ்டமில்லை. செட்டிங்ஸில் டேப்ஸ் பகுதிக்குப் போய் டேப் பார் இருக்குமிடத்தை 'லெஃப்ட்' என்று மாற்றினால் போதும். வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்து பாருங்கள்.

சரி, அந்தச் சனிக்கிழமை. விண்டோ பேனலைத் திறந்தால் எல்லா டேப்களும் ஒரே பட்டியலாக வரும். எண்ணினேன், 312. பக்கத்தில் ஒரு பழைய நோட்டுப்புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு டேப்புக்கும் ஒரே கேள்வி: இதை எதற்காகத் திறந்தேன்?

சிலவற்றுக்கு உடனே பதில் வந்தது. முடித்துக் கொடுத்துவிட்ட புத்தகங்களுக்கானவை நாற்பதுக்கும் மேல். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் இணையப் பக்கம் மட்டும் 19 இடத்தில் திறந்திருந்தது. வாங்கி ஆறு மாதமான ஃபிரிட்ஜின் விலை ஒப்பீடு இன்னும் இருந்தது. கிட்டத்தட்ட அறுபது டேப்களை எதற்குத் திறந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

140-வது டேப்பில் நின்றுவிட்டேன். அப்பாவின் மருத்துவமனைச் செலவுக்கான இன்சூரன்ஸ் கிளெய்ம் பக்கம் அது. டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் கையெழுத்து தெளிவாக இல்லை, வேறு நகல் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். நவம்பர் 20 கடைசி நாள். மறந்துவிடக் கூடாது என்றுதான் அந்த டேப்பை மூடாமல் வைத்திருந்தேன். நான் பார்த்தது டிசம்பர் 9 அன்று. 6,400 ரூபாய் கேட்டிருந்தோம், திரும்ப விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. பணத்தைவிட, அப்பா மூன்று முறை "என்னம்மா ஆச்சு அந்த கிளெய்ம்?" என்று கேட்டபோது "பாத்துக்கிட்டு இருக்கேன்ப்பா" என்று நான் சொன்னதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றே நானும் நம்பினேன். டேப் திறந்திருந்ததே.

அந்த டேப்பின் தலைப்பு என்ன தெரியுமா? 'கிளெய்ம் ஸ்டேட்டஸ்'. அவ்வளவுதான். தளத்துக்காரர்கள் பக்கத்துக்கு வைத்த பெயர் அது. நகல் வாங்க வேண்டும், ஸ்கேன் செய்ய வேண்டும், 20-ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் என் மனதில் இருந்தவை. அவற்றை நான் எங்கேயும் எழுதவில்லை. திறந்த அன்றைக்கு மனதில் தெளிவாக இருந்த காரணம் பத்து நாளில் கரைந்துவிட்டது, பக்கம் மட்டும் அப்படியே நின்றது.

அன்றைக்கு எனக்கு ஒரு வழி தோன்றியது. விவால்டியில் ஒரு டேப்பை இழுத்து இன்னொன்றின் மேல் விட்டால் இரண்டும் ஓர் அடுக்காகச் சேரும். ஸ்டாக் என்பார்கள். அந்த அடுக்குக்கு நாம் பெயர் வைக்கலாம். அதுவரை நான் வைத்திருந்த பெயர்கள் 'மருத்துவம்', 'வீடு', 'வேலை', 'பேங்க்'. நூலகத்து அலமாரிக்கு ஒட்டும் சீட்டு மாதிரி. எல்லாம் பெயர்ச்சொற்கள். அவற்றை எல்லாம் அழித்துவிட்டு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: அடுக்கின் பெயர் 'ணும்' என்று முடிய வேண்டும்.

'மருத்துவம்' போய், 'வியாழன் டாக்டரிடம் கிரியேட்டினின் பற்றிக் கேட்கணும்' என்று ஆனது. 'வீடு' போய், 'மாசக் கடைசிக்குள் சொத்து வரி கட்டணும்' என்று ஆனது. 'வேலை' நான்காகப் பிரிந்தது, அதில் ஒன்று 'டயாலிசிஸுக்குத் தமிழ்ச் சொல் முடிவு பண்ணணும்'. (பள்ளிப் பாடநூலில் 'கூழ்மப்பிரிப்பு' என்று படித்திருக்கிறோம். வேதியியலுக்கு அது சரி. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற ஒருவர் கையில் பிடித்துப் படிக்கும் கையேட்டில் அந்தச் சொல்லைப் போட எனக்கு மனம் வரவில்லை. 'டயாலிசிஸ்' என்றே வைத்து, முதல் இடத்தில் மட்டும் 'ரத்தச் சுத்திகரிப்பு' என்று விளக்கினேன்.)

இந்த விதியின் பலம் பெயர் வைக்க முடியாமல் போகும்போதுதான் தெரியும். ஒரு டேப்பை எடுத்து வைத்துக்கொண்டு, என்ன செய்யணும், எப்போதைக்குள் செய்யணும் என்று கேட்டுப் பதில் வரவில்லை என்றால், அந்த டேப்பால் எனக்கு ஆக வேண்டியது எதுவுமில்லை. மூடிவிடுவேன். அப்படி அந்த அறுபதையும் மூடினேன். இன்று வரை அவற்றில் ஒன்றைக்கூட நான் தேடவில்லை.

ஒரு சொல்லுக்கு மட்டும் தடை போட்டிருக்கிறேன்: 'படிக்கணும்'. எதை வேண்டுமானாலும் அதற்குள் தள்ளிவிடலாம். 'ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைக்காகப் படிக்கணும்' என்றால் சரி. வெறும் 'படிக்கணும்' என்றால் பிறகு படிக்க வேண்டியவற்றை பிரௌசரே சேர்த்து வைக்கும் ரீடிங் லிஸ்ட்டில் அந்தப் பக்கத்தைப் போட்டுவிட்டு டேப்பை மூடிவிடுவேன். அங்கே எத்தனை சேர்ந்தாலும் கவலையில்லை, கண் முன்னால் நின்று கேள்வி கேட்காது.

அடுத்து, டேப் திறப்பதையே குறைத்த ஒரு வசதி. அகராதிப் பக்கம் 19 இடத்தில் திறந்திருந்தது என்றேனே, அதற்குக் காரணம் ஒவ்வொரு சொல்லுக்கும் புது டேப் திறந்தது. விவால்டியில் ஒரு தளத்தின் தேடல் பெட்டி மேல் ரைட் கிளிக் செய்து, அதைத் தேடுபொறியாகச் சேர்த்து, ஓரெழுத்தில் ஒரு செல்லப்பெயர் கொடுக்கலாம். நான் பேரகராதிக்கு 'எல்' என்ற ஆங்கில எழுத்தையும் தமிழ் விக்சனரிக்கு 'டி' என்பதையும் கொடுத்திருக்கிறேன். முகவரிப் பட்டையில் அந்த எழுத்து, ஓர் இடைவெளி, தேட வேண்டிய சொல், என்டர். நேராக அந்தச் சொல்லின் பக்கம் வரும். பார்த்துவிட்டு மூடிவிடலாம், திரும்ப வேண்டுமென்றால் இரண்டு நொடி. பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பின்னிணைப்பு 1939-இல் வந்தது. அவ்வளவு பெரிய நூலை சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறது. மடிப்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஓர் எழுத்தைத் தட்டி அதற்குள் நுழைய முடிவதை நினைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கிறது.

இரண்டு பக்கங்களை அருகருகே வைப்பது அடுத்த வசதி. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இரண்டு டேப்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் 'டைல்' என்று கொடுத்தால் இரண்டும் ஒரே திரையில் பாதிப் பாதியாக நிற்கும். ஒரு பாதியில் ஆங்கிலக் கட்டுரை, மறு பாதியில் கலைச்சொல் பட்டியல். முன்பு இந்த இரண்டுக்கும் இடையே நாள் முழுக்கத் தாவித் தாவி, நடுவில் தொலைந்துபோய், அதே பக்கத்தை இன்னொரு முறை திறப்பேன். அப்படித்தான் டேப்கள் பெருகின.

தேடுவதற்கு எஃப்2. அதை அழுத்தி, தலைப்பில் ஞாபகமிருக்கும் ஒரு துண்டைத் தட்டினால் திறந்திருக்கும் டேப்பைக் காட்டிவிடும். தமிழில் தலைப்பு இருந்தால் தமிழில் தட்ட வேண்டும், ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலத்தில். அரசுத் தளங்களில் உள்ளே தமிழ் இருந்தாலும் டேப் தலைப்பு பல நேரம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ்99 கீபோர்டில் தட்டிப் பார்த்து வரவில்லை என்றால் கீபோர்டை மாற்றி இன்னொரு முறை தட்டுங்கள். மூடிவிட்ட டேப் வேண்டுமென்றால் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-டி.

ஒர்க்ஸ்பேஸ் என்ற வசதி 2023 ஏப்ரலில் ஆறாம் பதிப்போடு வந்தது. டேப்களைத் தனித்தனி அறைகளில் வைப்பது போல. அதில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ஒன்பது அறை கட்டினேன். கண்ணுக்குத் தெரியாத அறையில் இருந்த டேப்களை அடியோடு மறந்துபோனேன். 312 டேப் ஒரே இடத்தில் இருந்தாலாவது கடந்துபோகும்போது கண்ணில் படும், இதில் அதுவும் இல்லை. இப்போது மூன்றுதான்: கையிலிருக்கும் புத்தகம், வீடு, அப்பா. தேதி வைத்த எதையும் டேப்பை நம்பி விடுவதில்லை. அடுக்குக்குப் பெயர் வைக்கும்போதே அந்தத் தேதியை மொபைல் காலண்டரிலும், சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரிலும் எழுதிவிடுகிறேன்.

மழை கற்றுக்கொடுத்த பழக்கம் வேறு. கையிலிருக்கும் வேலைக்கு உயிர்நாடியான பக்கங்கள் எவை என்று முதல் நாளே பார்த்து, பிடிஎஃப்பாகச் சேமித்து, அந்தப் புத்தகத்தின் பெயரில் ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுவேன். பத்துப் பதினைந்து பக்கம்தான் தேறும். முழுப் பக்கம் வேண்டாம், இரண்டு பத்தி போதும் என்றால், அதைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து நோட்ஸில் சேர்த்துக்கொள்கிறேன். எங்கிருந்து எடுத்தது என்ற முகவரியும் கூடவே பதிவாகும். அக்டோபர் பிறந்தால் சென்னையில் யாரும் சும்மா இருப்பதில்லை. டார்ச்சுக்கு பேட்டரி, பவர் பேங்க், கேனில் குடிதண்ணீர் என்று எடுத்து வைப்போம். அந்தப் பட்டியலில் இந்த ஃபோல்டரையும் சேர்த்திருக்கிறேன்.

ஹைபர்னேட் பற்றி இன்னொன்று. பாதி நிரப்பிய படிவம் இருக்கும் டேப்பைத் தூங்க வைக்காதீர்கள். நான் ஒருமுறை லேப்டாப் சூடாகிறதே என்று பின்னால் இருந்த எல்லா டேப்களையும் ஒரே கிளிக்கில் தூங்க வைத்தேன். நாற்பது நிமிடம் நிரப்பிய ஒரு சான்றிதழ் விண்ணப்பம் காலியாகத் திரும்பி வந்தது. அது ஒருபுறம் இருக்க, பல தளங்கள் கொஞ்ச நேரம் தொடாவிட்டால் தாமாகவே லாக்-அவுட் செய்துவிடும். நீளமான பதில்களைத் தனிக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு ஒட்டுவதே நல்லது.

மூடுவதற்கு மனம் வராத டேப்களுக்கு என்ன செய்வது? எனக்கு உதவியது செஷன். ஒரு புத்தகம் முடிந்ததும் அதற்கான டேப்களை எல்லாம் புத்தகத்தின் பெயரும் மாதமும் போட்டு ஒரு செஷனாகச் சேமித்துவிட்டு, அத்தனையையும் மூடுவேன். முதல் முறை கை தயங்கியது. சிறுநீரகக் கையேடு அச்சுக்குப் போய் ஐந்து மாதம் கழித்து, ஒரு சொல்லை எந்த ஆதாரத்தில் எடுத்தீர்கள் என்று பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. செஷனைத் திறந்தேன், அடுக்குகள் அதே பெயர்களோடு வந்து நின்றன. 'டயாலிசிஸுக்குத் தமிழ்ச் சொல் முடிவு பண்ணணும்' என்ற அடுக்குக்குள் பதில் இருந்தது. போனை வைப்பதற்குள் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு மூடத் தயங்கியதில்லை.

விவால்டிக்கு மாற மனமில்லாதவர்கள் மாற வேண்டியதில்லை. ஃபயர்ஃபாக்ஸில் 2025 மார்ச்சில் வந்த 136-ஆம் பதிப்பிலிருந்து டேப்களைப் பக்கவாட்டில் வைக்கலாம். முகவரிப் பட்டையில் சதவீதக் குறியைப் போட்டு இடைவெளி விட்டுத் தட்டினால் திறந்திருக்கும் டேப்களில் மட்டும் தேடும். குரோமில் டேப் குழுக்களுக்குப் பெயர் வைக்கலாம், கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஏ தேடித்தரும். 'ணும்' எந்த பிரௌசரிலும் வேலை செய்யும்.

போன மாதம் அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை. முடிவு ஆன்லைனில் வந்தது, திறந்தேன். போன தடவை எடுத்ததும் பக்கத்தில் இருக்கட்டும் என்று அதையும் திறந்து இரண்டையும் அடுக்காக்கி, 'வியாழன் டாக்டரிடம் மாத்திரை அளவு குறைக்கலாமா கேட்கணும்' என்று பெயர் வைத்தேன். அப்பா பின்னால் வந்து நின்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதைச் சத்தமாகப் படித்தார்.

"காலையில சாப்பிடுற மாத்திரையா, ராத்திரியா? அதையும் எழுதிக்கோம்மா" என்றார்.

'ராத்திரி மாத்திரை' என்று திருத்தினேன். வியாழக்கிழமை டாக்டர் பாதியாகக் குறைத்தார். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றியதும் லேப்டாப்பைத் திறந்து அந்த அடுக்கை மூடினேன்.